அரைக்கு நூறு சிக்கரி

அப்பாவின் நோட்டு நீளவாக்கில் இருக்கும். சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, உள்ளே கோடு போட்ட கணக்குத்தாள். கையில் எடுத்தாலே வறுத்த கொட்டையின் வாசனை விரலில் ஏறிக்கொள்ளும். அதில் ஒரு பக்கத்தில் இப்படி ஒரு வரி: "மாதுங்கா. பீ பாதி, பிளா ஏ பாதி. அரைக்கு நூறு சிக்கரி. வறுவல் கொஞ்சம் கூட. நைஸ் வேண்டாம். 22 நாள்."

திருச்சி பெரியகடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் காபிப் பொடிக் கடை. நோட்டில் ஒரு வரி என்றால் ஒரு குடும்பம். பீ என்பது பீபெரி. பழத்துக்குள் இரண்டாக விளைய வேண்டிய கொட்டை ஒற்றையாக உருண்டு விளைந்தது. பிளா ஏ என்பது பிளாண்டேஷன் ஏ. சதையைக் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் ஒரு தரம். அரைக்கு நூறு என்றால் அரைக் கிலோ பொட்டலத்தில் நூறு கிராம் சிக்கரி. இதெல்லாம் சரக்கு பற்றிய குறிப்பு. கடைசியில் இருக்கும் 22 நாள் மட்டும் சரக்கு பற்றியது இல்லை. அந்த வீட்டில் அரைக் கிலோ எத்தனை நாளைக்கு வரும் என்பது அது. அவர்கள் சொல்லி அப்பா எழுதியதும் இல்லை. முதல் நாலைந்து முறை எந்தத் தேதியில் கேட்டு எழுதினார்கள் என்று பார்த்து, அவரே கூட்டிக் கழித்துக் குறித்துக்கொண்டது.

எண்பதுகளில் எங்கள் வாடிக்கையில் பாதி திருச்சிக்கு வெளியே இருந்தது. வேலை தேடி பம்பாய் மாதுங்காவுக்கும் டெல்லி கரோல்பாகுக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் போன குடும்பங்கள் ஊர்ப் பொடியை விட மனமில்லாமல் எழுதிக் கேட்பார்கள். அப்பா துணி வைத்துத் தைத்து, முடிச்சில் அரக்கு வைத்துப் பார்சல் அனுப்புவார். பொடி போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்ததும், அது சேர்ந்த தேதி நோட்டில் ஏறும். அந்தத் தேதியிலிருந்து எட்டாம் நாள் 15 காசு அஞ்சலட்டை ஒன்று கிளம்பும். அட்டை பம்பாய் போக நாலு நாள். பதில் அட்டை வர நாலு நாள். பார்சல் போக ஆறு நாள். எட்டும் நாலும் நாலும் ஆறும் 22. மாதுங்கா வீட்டு டப்பாவில் பொடி தீருகிற காலையில் புதுப் பொட்டலம் வாசலில் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தபால் ஒரு நாள் முன்னே பின்னே ஆகும். ஆனாலும் அந்த வீட்டில் காபி இல்லாத காலை மிக அபூர்வம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அட்டையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. "தங்களுக்கு வணக்கம். சென்ற 4ஆம் தேதி அனுப்பிய பொடி வறுவல் சரியாக இருந்ததா? இந்த முறை பீபெரி நன்றாக வந்திருக்கிறது. வழக்கம் போல் அரைக் கிலோ அனுப்பலாமா? பையனுக்குப் பரீட்சை முடிந்திருக்கும்." இவ்வளவுதான். சலுகை கிடையாது, தள்ளுபடி கிடையாது. பையனுக்குப் பரீட்சை என்பது போன அட்டையில் அவர்கள் எழுதிய செய்தி. அப்பா அதை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருப்பார்.

கடைக்கு நேரில் வருகிறவர்களுக்கு வேறு மரியாதை. தராசில் முள் நின்ற பிறகு, அப்பா கரண்டியால் இன்னொரு கொஞ்சம் அள்ளிப் பொட்டலத்தில் போடுவார். கொசுறு. கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. கேட்காமலே போடுவதுதான் அவர் பழக்கம். கேட்கிறவர்களுக்குக் கேட்டதால் கிடைத்தது என்று தோன்றும், கேட்காதவர்களுக்குத் தன்னைத் தெரிந்து போட்டார் என்று தோன்றும் என்பார். வாடிக்கை என்ற சொல்லுக்கே வழக்கம் என்றுதான் பொருள். ஒரு கடைக்குப் போவது ஒருவருக்கு வழக்கமாகிவிட்டால் அவர் வாடிக்கையாளர். அந்த வழக்கம் உடையாமல் பார்த்துக்கொள்வது கடைக்காரன் பொறுப்பு என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பெரிய ஊர்களில் இதே வேலையை வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 1896இலேயே ஸ்பெரி அண்ட் ஹச்சின்சன் என்ற நிறுவனம் பச்சை நிற முத்திரைகளைக் கடைகளுக்கு விற்றது. வாங்கும் சரக்குக்கு ஏற்பக் கடைக்காரர் முத்திரை கொடுப்பார். வீட்டில் அதைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, பாத்திரமோ விளக்கோ வாங்கிக்கொள்ளலாம். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த மைல்களுக்குப் புள்ளி கொடுக்கத் தொடங்கியது. முத்திரையில் வாங்கியவர் யார் என்று கடைக்குத் தெரியாது. மைல் கணக்கில் தெரியும். எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது அதுதான்.

1995இல் பிரிட்டனில் டெஸ்கோ கடைகள் கிளப்கார்டு கொண்டுவந்தன. எட்வினா டன், கிளைவ் ஹம்பி என்ற தம்பதியின் சிறிய நிறுவனம் அந்த அட்டையில் சேர்ந்த விவரங்களை அலசிக் கொடுத்தது. சோதனை ஓட்டத்தின் முடிவுகளைப் பார்த்த டெஸ்கோ தலைவர் இயன் மெக்லாரின், முப்பது வருடத்தில் தான் அறிந்ததைவிட மூன்று மாதத்தில் இவர்கள் தன் வாடிக்கையாளர்களை அதிகம் அறிந்துவிட்டார்கள் என்ற பொருளில் சொன்னது வணிக வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் தபாலில் கணக்குத்தாளும் கூப்பனும் போகும். அவரவர் வாங்கும் பழக்கத்தை ஒட்டிக் கூப்பன் மாறும். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் பென்சில் குறிப்புதான் கண்ணில் வந்தது. பையனுக்குப் பரீட்சை என்ற வரி அங்கே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் சின்னதா பெரியதா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

நான் கடைக்கு வந்தபோது அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. அட்டைகள் குறைந்துவிட்டன. எழுதிக் கேட்ட தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் பெங்களூருவிலும் புனேயிலும் இருந்தார்கள். பொடி வேண்டும் என்று போன் செய்வார்கள், பிறகு மறந்துபோய் முனைக்கடையில் கிடைத்ததை வாங்கிக்கொள்வார்கள். பொடி பிடிக்காமல் யாரும் போகவில்லை. நினைவுபடுத்த ஆள் இல்லாததால் போனார்கள்.

அப்போது எல்லோரிடமும் மின்னஞ்சல் இருந்தது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996இல் ஹாட்மெயிலைத் தொடங்கி, எந்தக் கணினியிலிருந்தும் இலவசமாக அஞ்சல் பார்க்கலாம் என்று ஆக்கியதும், 2004இல் ஜிமெயில் வந்ததும், எங்கள் பில் புத்தகத்தில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட வைத்தன. நானும் முகவரிகளைச் சேர்த்தேன். சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஒரே கடிதத்தை மறைநகலில் போட்டு அனுப்பினேன். தீபாவளி வாழ்த்து, ஆடித் தள்ளுபடி, புது வருடம். பதில் வரவில்லை. ஆர்டர் கொஞ்சம் வந்தது. தள்ளுபடி முடிந்ததும் நின்றது.

பிறகு செய்தது பெரிய தவறு. கடை விரிய வேண்டுமானால் பட்டியல் பெரிதாக வேண்டும் என்று ஒரு ஆலோசகர் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் ஆயிரக்கணக்கான முகவரிகளைக் காசு கொடுத்து வாங்கினேன். எங்கள் பெயரையே கேள்விப்படாத மனிதர்களின் பெட்டிக்குள் எங்கள் கடிதம் போய் விழுந்தது. பலர் அதை ஸ்பேம் என்று ஒரு தட்டுத் தட்டினார்கள். ஒரு வாரத்தில் எங்கள் முகவரியிலிருந்து போகிற எல்லாமே ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கியது. இருபது வருடமாக வாங்குகிறவர்களுக்கு அனுப்பிய பில்லும் பார்சல் எண்ணும்கூட. "பணம் கட்டினேன், ஒரு தகவலும் இல்லையே" என்று பழைய வாடிக்கை ஒருவர் போனில் கேட்டபோது நான் கூசிப்போனேன். 1978இலேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கேரி துயர்க் அர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்குக் கேட்காமலே கணினி விளம்பரம் அனுப்பி, கடுமையான கண்டனம் வாங்கினார். அந்தப் பாடத்தை நான் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆனது. வாங்கிய பட்டியலை அழித்தேன். மீதமிருந்த எங்கள் சொந்த வாடிக்கைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதினேன்: எங்கள் கடிதம் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று பதில் போட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். பட்டியல் மிகச் சிறியதாகிவிட்டது. அன்று மாலை அதை அச்செடுத்து அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தார். "இவங்க எல்லாரும் நோட்டுல இருக்காங்கம்மா" என்றார்.

பிறகுதான் நோட்டை எடுத்துக் கணினியில் ஏற்றினேன். வரி வரியாக. கலவை, சிக்கரி, வறுவல், அரைப்பு, நாள்.

இப்போது எங்கள் கடையில் மின்னஞ்சல் போகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையைச் செய்ய நினைக்கிற சின்னக் கடைகள் நிறைய இருக்கின்றன. பெரிய நிறுவனங்களைப் பார்த்துத் தவறாகக் கற்றுக்கொள்கின்றன.

புதிதாக ஒருவர் வாங்கினால் முதல் கடிதத்தில் நாலு கேள்வி கேட்கிறோம். வீட்டில் எத்தனை பேர் காபி குடிக்கிறீர்கள்? பித்தளை ஃபில்டரா, எவர்சில்வரா, மெஷினா? சிக்கரி பிடிக்குமா? டிகாக்ஷன் மெதுவாக இறங்குகிறதா, சட்டென்று இறங்கிவிடுகிறதா? கடைசிக் கேள்விக்குத்தான் நிறையப் பேர் நீளமாகப் பதில் எழுதுகிறார்கள். சட்டென்று இறங்கினால் அரைப்பு கரகரப்பாக இருக்கிறது. இன்னும் நைசாக அரைக்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் நைஸ் கூடிவிட்டது. அந்தப் பதிலை வைத்து இரண்டாவது பொட்டலத்தை அரைக்கிறோம். இரண்டாவது பொட்டலம் சரியாக அமைந்த வீடு சீக்கிரம் எங்களை விட்டுப் போவதில்லை. புள்ளிகள் இதில் ஒரு பங்கும் வகிக்கவில்லை.

மூன்றாவது ஆர்டருக்குப் பிறகு அந்த வீட்டின் நாள் கணக்கு கணினிக்கே தெரிந்துவிடும். 22 நாள் வீடு என்றால் 18ஆம் நாள் காலை ஒரு கடிதம் போகும். மின்னஞ்சலுக்குப் பயண நேரம் கிடையாது. கட்ட ஒரு நாள், கூரியர் மும்பை போக மூன்று நாள். அப்பாவின் எட்டு நாள் பதினெட்டாக நகர்ந்ததுதான் நாற்பது வருட மாற்றம் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஒரு சொடுக்கில் அதே கலவை, அதே அரைப்பு மறுபடியும் ஆர்டர் ஆகிவிடும். வேண்டாம் என்றால் "பத்து நாள் கழித்து" என்ற இன்னொரு பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானை வைத்த பிறகு பட்டியலிலிருந்து விலகுகிறவர்கள் குறைந்தார்கள். மனிதர்களுக்குக் கடிதத்தின் மேல் கோபமில்லை, தவறான நாளில் வருவதன் மேல்தான் கோபம்.

கேட்லாக் அனுப்பி விற்ற பழைய அமெரிக்கக் கம்பெனிகள் வாடிக்கையாளரை மூன்று கேள்வியால் பிரித்தன: கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை தடவை வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார். இன்றைய மென்பொருள்களும் இதைத்தான் கேட்கின்றன. எங்கள் கடைக்கு மூன்றாவது கேள்வி பெரிதாகப் பயன்படவில்லை. மாதம் கால் கிலோ வாங்கும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் மூன்று கிலோ வாங்கும் கூட்டுக் குடும்பமும் எங்களுக்கு ஒரே அளவு வழக்கம் உள்ளவர்கள். முதல் கேள்வி மட்டும் எப்போதும் மேசையில் இருக்கிறது.

புள்ளிகளையும் வைத்திருக்கிறோம். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. சேர்ந்தால் பொடியாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இதில் நான் அறிந்துகொண்டது ஒன்று உண்டு. கொசுறும் புள்ளியும் ஒன்று போலத் தோன்றும்; ஒன்றில்லை. கொசுறு தராசு நின்ற பிறகு கையிலிருந்து விழுவது. புள்ளி முன்னாலேயே சொல்லப்பட்டது, அதனால் அது விலையோடு சேர்ந்துவிடுகிறது. நூறு ரூபாய்ப் பொடிக்கு ஒரு ரூபாய் குறைவு என்று மனது உடனே கணக்குப் போட்டுவிடும். பிறகு அதைக் குறைத்தால் வருத்தம், நிறுத்தினால் கோபம். பெரிய நிறுவனங்கள் "உங்கள் புள்ளிகள் நாளையோடு காலாவதி" என்று அவசரக் கடிதம் அனுப்புவதற்கும் காரணம் உண்டு. கொடுத்து, இன்னும் வாங்கிக்கொள்ளாத புள்ளி அவர்கள் கணக்கில் கடனாக நிற்கிறது. காலாவதி வைத்தால் கடன் தீரும். ஆனால் ஒருவருக்குப் பரிசு என்று கொடுத்துவிட்டு அதற்குத் தவணை வைத்து மிரட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் புள்ளிக்குக் காலாவதி கிடையாது.

அதற்குப் பதிலாகக் கொசுறைத் திரும்பக் கொண்டுவந்தேன். புதுப் பயிர்க் கொட்டை வந்து வறுத்துப் பார்த்து நன்றாக அமைந்தால், அந்த வாரம் போகிற பார்சல்களில் ஐம்பது கிராம் பீபெரிப் பொடியைத் தனிப் பொட்டலமாக வைத்துவிடுகிறோம். முன்கூட்டிச் சொல்வதில்லை. பார்சல் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் ஒரு கடிதம்: சின்னப் பொட்டலத்தைப் போட்டுப் பார்த்தீர்களா, எப்படி இருந்தது? எங்களுக்கு அதிகமான பதில் வருகிற கடிதம் இதுதான். ஒருவர் தன் பாட்டி கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்து, கையால் சுற்றும் மெஷினில் அரைத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் ஒரு மாற்றம் செய்தது. கடிதத்தில் இருக்கும் படங்களை ஆள் திறக்கும் முன்பே ஆப்பிளின் கணினி எடுத்துவைத்துக்கொள்ளும். அதனால் திறக்காததும் திறந்ததாக எண்ணில் ஏறும். அந்த எண்ணை நம்பி முடிவெடுத்தவர்கள் ஏமாந்தார்கள். நான் எண்ணுவது இரண்டை மட்டும்: பதில் எத்தனை, மறு ஆர்டர் எத்தனை.

அனுப்புவதற்கும் இன்று ஒழுங்கு வந்துவிட்டது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மொத்தமாக (ஜிமெயில் கணக்கில் ஒரு நாளில் ஐயாயிரமோ அதற்கு மேலோ) அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாய விதிகள் வைத்தன. கடிதம் உண்மையிலேயே அந்தக் கடையிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளங்கள் வேண்டும். ஒரே சொடுக்கில் விலக வழி வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரை எட்டக் கூடாது. நாங்கள் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் செய்து வைத்திருக்கிறோம். பழைய பார்சலில் அரக்கு முத்திரை வைத்த மாதிரி. பிரிக்காமல் வந்தது, இன்னார் அனுப்பியது என்று பெறுகிறவருக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டிலும் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதே அளவு எளிதாக அதைத் திரும்பப் பெற முடிய வேண்டும் என்கிறது. ஒரு குடும்பம் எவ்வளவு காபி குடிக்கிறது, எந்த மாதம் ஊரில் இல்லை என்பதெல்லாம் எங்கள் கணினியில் இருக்கிறது. அப்பாவின் நோட்டு ராத்திரி இரும்புப் பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியின் பாரத்தை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வாட்ஸ்அப் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். திருச்சிக்குள் இருக்கிறவர்களுக்கு அதுதான். கடைப் பையன் "அண்ணே, அரைச்சு வெச்சாச்சு" என்று ஒரு குரல் செய்தி போட்டால் முடிந்தது. ஆனால் அது கைக்குள் அதிரும். வேலை நடுவில், சாப்பாட்டு நடுவில், துக்க வீட்டில்கூட அதிரும். மின்னஞ்சல் காத்திருக்கும், அஞ்சலட்டை மாடத்தில் காத்திருந்த மாதிரி. வெளியூர் வாடிக்கைக்கு நான் அதைத்தான் நம்புகிறேன். அந்தப் பட்டியல் எங்களுடையது என்பதும் ஒரு காரணம். எந்தக் கம்பெனி எந்த விதியை மாற்றினாலும் நோட்டு நம் பெட்டியில்தான் இருக்கும்.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. காலையில் கடைக்கு வந்து, வறுவல் மெஷினுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். கொட்டை வெடிக்கிற சத்தத்தை வைத்தே "இறக்கு" என்று சொல்லிவிடுவார். புதிதாக எந்தக் கடிதம் எழுதினாலும் நான் அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு முறை "எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளர்களுக்காகச் சிறப்புச் சலுகை" என்று தொடங்கினேன். பாதியிலேயே கையைத் தூக்கினார். "இதுல அவங்களுக்குச் சேதி என்னம்மா இருக்கு?" அந்தக் கேள்வியை இப்போது எழுதி மேசை மேல் ஒட்டியிருக்கிறேன்.

அவரிடம் காட்டாமல் விட்ட கடிதம் ஒன்று உண்டு. வாங்காமல் நின்றுபோனவர்களைத் திரும்ப அழைக்கும் கடிதம். எல்லா மென்பொருளிலும் தயாராக இருக்கும். இரண்டு சுற்று தவறினால் தானாகப் போகும். நானும் மாதிரியைப் பார்த்து, தலைப்பில் "எங்களை மறந்துவிட்டீர்களா?" என்று போட்டு வைத்திருந்தேன். வருடக்கணக்கில் அது போய்க்கொண்டிருந்தது. சிலர் திரும்பி வந்தார்கள். அதனால் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு காலை அந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார்கள். மாதுங்கா முகவரி, நோட்டில் முதல் பக்கங்களில் இருக்கிற அதே வீடு.

"நல்லா இருக்கியாம்மா. நான் அவர் வீட்டுக்காரி எழுதறேன். மறக்கலை. அவர் போய் ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க கடைசியா அனுப்பின பொடி இன்னும் டப்பால பாதி இருக்கு, வாசனை போயிடுச்சு. ரெண்டு பேருக்கு வாங்கினது, ஒருத்தி எவ்வளவு குடிக்க முடியும். அப்பா சௌக்கியமா? பையன் பரீட்சைக்கெல்லாம் அவர் கார்டு போட்டுக் கேட்டது இவர் எப்பவும் சொல்லுவார். இனிமே கால் கிலோ போதும்மா. மெயில் இதே முகவரிக்கே வரட்டும், நான்தான் திறக்கறேன்."

நான் வெகு நேரம் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களை மறந்துவிட்டீர்களா. இறந்துபோன ஒருவருடைய பெட்டிக்குப் போய் நாங்கள் கேட்ட கேள்வி. அட்டை எழுதிய காலத்தில் பதில் வராவிட்டால் அப்பா இரண்டாவது அட்டையில் "தங்களிடமிருந்து கடிதம் இல்லை, வீட்டில் அனைவரும் நலம்தானே" என்று எழுதுவார். அந்த வரி எங்கள் வீட்டிலேயே இருந்தது. நான் வெளியிலிருந்து ஒரு மாதிரியை எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அன்றே அந்தத் தானியங்கிக் கடிதத்தை நிறுத்தினேன். இப்போது இரண்டு சுற்று தவறினால் கணினி கடிதம் அனுப்பாது. ஒரு பெயரை மட்டும் என் மேசைக்கு அனுப்பும். நான் நோட்டைப் பார்ப்பேன், பிறகு போன் செய்வேன். முடியாவிட்டால் கையால் நாலு வரி எழுதி அனுப்புவேன். அந்த மாதுங்கா அம்மாவுக்கும் போன் செய்தேன். அவர் கணவருக்குச் சேர்ந்திருந்த புள்ளிகளை அவர் பெயருக்கு மாற்றினேன்.

பிறகு கணினியில் அந்த வரியைத் திறந்தேன். பீ பாதி, பிளா ஏ பாதி. அரைக்கு நூறு என்று இருந்ததைக் காலுக்கு ஐம்பது என்று மாற்றினேன். அடுத்த கட்டத்தில் நாளைக் குறைக்கப் போனபோது பின்னாலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளை ஏன் மாத்தறே? அரைக் கிலோ ரெண்டு பேருக்கு 22 நாள்னா, கால் கிலோ ஒருத்தருக்கும் 22 நாள்தானே. அளவை மட்டும் மாத்தும்மா" என்றார்.